சித்தி ஏறினால் மேடு ஏறாத கார்

எங்கள் வீட்டில் பூட்டப்படாமல் இருந்தது என் வாய் ஒன்றுதான். மற்ற எல்லாவற்றுக்கும் பெரியப்பா பூட்டுப் போட்டிருந்தார். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்திருப்பவர் வீட்டில் பூட்டு தொங்குவது அதிசயமில்லை. ஆனால் கிணற்று வாளிக்கும், ஊறுகாய் ஜாடி இருந்த அலமாரிக்கும், வாசலில் கிடந்த பெஞ்சுக்கும்கூடப் பூட்டுப் போட்டவர் ஊரிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். அந்தப் பெஞ்சை யார் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று ஒரு தடவை கேட்டேன். "பூட்டு இருக்கவும்தானேடா இன்னும் இங்கன கிடக்கு" என்றார். 

இன்னொரு கொள்கையும் அவருக்கு உண்டு. பூட்டு என்பது திறந்தபடி தொங்கக் கூடாது. கதவைத் திறந்தால், கழற்றிய பூட்டை வெறும் நாதாங்கியில் மாட்டி, மறுபடி அதைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டுதான் உள்ளே காலெடுத்து வைப்பார். வாய் பிளந்த பூட்டைப் பார்த்தால் அவருக்கு உடம்பு பதறும்; தொழிலுக்கே ஆகாது என்பார். இந்தக் கொள்கையால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததில்லை, சீமைக்காரி எங்கள் வீட்டுக்கு வரும்வரை.

சீமைக்காரி என்பது கார். சிறுமலைப் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கப்பலேறினபோது பெரியப்பா அதை வாங்கினார். கறுப்பு நிறம். முகத்துக்குப் பெரியதாக இரண்டு விளக்குகள், திடுக்கிட்டு விழித்த தவளை மாதிரி. உள்ளே தோல் மெத்தை. அந்த மெத்தையின் வாடை பெரியம்மாவுக்குக் குமட்டியதால் நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டிருந்தோம். ஓட்டுவது என் அப்பா. யுத்த காலத்தில் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். அதை எங்கள் தெருவில் அறியாதவர் யாருமில்லை, ஏனென்றால் அறியாதவர்களுக்கு அப்பாவே சொல்லிவிடுவார்.

காரைப் பூட்ட வேண்டுமே! கதவுக்கு அந்த வெள்ளைக்காரர் சாவி கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார். "அவன் பூட்டை அவன் நம்பலாம், நான் நம்ப முடியுமா?" என்றார் பெரியப்பா. பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, கீழே இருக்கிற மிதிகளில் எது எதற்கு என்று விசாரித்தார். அப்பா சொன்னார்: "இடது கால் மிதி கிளச்சுண்ணே. அதை அமுக்குனா எஞ்சின் தனி, சக்கரம் தனி. எஞ்சின் அது பாட்டுக்குக் கத்தும், வண்டி நகராது. காலை எடுத்தா ரெண்டும் ஒட்டிக்கிரும்." பெரியப்பா முகத்தில் விளக்கு எரிந்தது. மறுநாளே பட்டறையிலிருந்து ஒரு சங்கிலியோடு வந்தார்.

கிளச்சு மிதியின் கழுத்தில் சங்கிலியைக் கட்டினார். அதற்கு முன்னால் பலகையில் ஒரு வளையத்தை அடித்து, சங்கிலியை அதற்குள் விட்டுத் திருப்பி, தரையோடு பின்பக்கம் கொண்டுவந்தார். முன் சீட்டுக்கு அடியில் ஓர் இரும்புச் சட்டம் உண்டு. அதன் மேலாக எடுத்து, பின் சீட்டில் உட்கார்பவர் கால் பக்கம் தரையில் முடுக்கிய இன்னொரு வளையத்தில் கொண்டுவந்து சேர்த்தார். இனி, பின்னால் முதலாளியாக உட்கார்ந்துகொண்டு, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி சங்கிலியை இழுத்தால் முன்னால் கிளச்சு மிதி தானாக அமுங்கும். இழுத்த இழுப்பில் பூட்டிவிட வேண்டியது. "திருடன் வரட்டும். ஸ்டார்ட் பண்ணட்டும். எஞ்சின் கத்தும், வண்டி போகாது. சத்தம் கேட்டு நாம போயிப் பிடிச்சுக்கிருவோம்." மற்றவர்கள் பூட்டு திருடனை வெளியே நிறுத்தும், எங்கள் பெரியப்பாவின் பூட்டு அவனை உள்ளே உட்காரவைத்து நமக்கு ஆள் அனுப்பும்.

காலையில் கார் எடுக்கும்போது பூட்டைத் திறந்து சங்கிலியைத் தளரவிடுவார். அதோடு விட்டால் அவர் பெரியப்பா அல்ல. பூட்டு திறந்து கிடக்கக் கூடாதே! தளர்ந்த சங்கிலியின் நுனிக் கண்ணியை அதே வளையத்தில் கோத்துப் பூட்டிவிட்டுத்தான் ஏறுவார். அப்பா ஓட்டுவதற்கு அதனால் ஓர் இடைஞ்சலும் இல்லை. முன் சீட்டுக்கு அடியில் சங்கிலி துணி காயப்போடுகிற கொடி மாதிரி தொய்ந்து கிடக்கும். நாளாக ஆக எங்களுக்கு அது மறந்தே போயிற்று. இத்தனை பூட்டு உள்ள வீட்டில் ஒன்றை மட்டும் யார் நினைவு வைத்திருப்பது?

இந்த நிலையில்தான் சித்தப்பாவுக்குச் சேவுகம்பட்டியில் பெண் பார்த்துக் கல்யாணம் நடந்தது.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்துவரச் சீமைக்காரிதான் போனது. திரும்பும்போது செம்பட்டிக்கு முன்னால் ஓர் ஓடை. ரோடு அதில் இறங்கி ஏறும். கார் இறங்கியது. ஏறும்போது எஞ்சின் கத்தியதே தவிர வண்டி நகரவில்லை. அப்பா என்னென்னவோ செய்தார். கருகல் வாடைதான் வந்தது. கடைசியில் எல்லாரும் இறங்கினோம். பட்டு வேட்டியும் மாலையுமாகச் சித்தப்பா தள்ள, பக்கத்துக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த ஆட்கள் வந்து தள்ள, கார் என்னமோ எங்களுக்காகவே காத்திருந்த மாதிரி ஒரே தாவாகத் தாவி மேட்டில் போய் நின்றது. தள்ளினவர்கள் எல்லாரும் குப்புற விழுந்தார்கள். சித்தப்பாவின் மாலை ஓடைத் தண்ணீரில் போனது. அதைப் பார்த்துப் புதுப்பெண் தலைகுனிந்தபடி தோளைக் குலுக்கினாள். அழுகிறாள் என்று எல்லாரும் பதறினார்கள். நான் மட்டும் குனிந்து முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

எனக்கு அப்போது ஒரு தொழில் இருந்தது. பார்க்கிற ஆட்களைப் போல நடித்துக் காட்டுவது. பெரியப்பா இடுப்பைத் தட்டிச் சாவி பார்ப்பது, பெரியம்மா தும்மிவிட்டு வீட்டிலிருக்கிற எல்லாரையும் திட்டுவது, கணக்கு வாத்தியார் சாக்பீஸைத் தேடுவது. மற்றவர்கள் இதற்குக் கொடுத்த சன்மானம் தலையில் குட்டு. சித்தி ஒருத்திதான் சோறு வடிப்பதை நிறுத்திவிட்டு, சத்தமே வராமல், தோள் மட்டும் குலுங்கச் சிரிப்பாள். மத்தியானங்களில் என்னோடு தாயம் ஆடுவாள். வெட்டவெளிச்சமாகக் கள்ளாட்டம் ஆடுவாள். என் காயை அவள் வெட்டினால் அது விதி. அவள் காயை நான் வெட்டினால் ஆட்டம் கலைந்துவிடும். பதினெட்டு வயசுக்காரி ஒரு பொடியனை ஏமாற்றிப் புளியங்கொட்டை ஜெயித்து என்ன செய்யப்போகிறாள் என்று நான் கேட்டதில்லை. ஜெயிக்கிற மாதிரியே அவள் ஆடியதுதான் எனக்குப் பெருமை.

பிறகு ஒருநாள் தாடிக்கொம்புக் கோயிலுக்குப் போனோம். குடகனாற்றங்கரை மேட்டில் அதே கதை. கத்தல், கருகல், இறங்கல், தள்ளல். நடுவில் பெரியப்பாவும் அப்பாவும் தனியாகப் பழனிக்குப் போனார்கள், பட்டறைச் சாமானோடு வத்தலக்குண்டு போனார்கள். அதே செம்பட்டி ஓடையில் கார் சொன்ன பேச்சுக் கேட்டு ஏறியது. இதை முதலில் கவனித்தது பெரியம்மாதான். ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சொல்லவைத்தது அகரத்துக் கல்யாணம். பெரியம்மாவின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். தாலி கட்டும்போது அத்தைக்காரிதான் விளக்குப் பிடிக்க வேண்டும். அதற்கென்று ஒரு புதுச்சேலை எடுத்து, அதை மடித்தும் பிரித்தும் மடித்தும் பத்து நாளாகப் பெரியம்மாவுக்கு வேறு வேலையில்லை. அன்றைக்குச் சித்தியும் கூட வந்தாள். ஆற்றங்கரை மேட்டில் சீமைக்காரி படுத்துக்கொண்டது. தள்ள ஆள் கிடைக்கவில்லை. தூரத்தில் மேளம் கொட்டுவது கேட்கிறது. பெரியம்மா புதுச்சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வண்டிப்பாதையில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். போய்ச் சேர்ந்தபோது வேறு யாரோ விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து சேலையை மடிக்காமல் மூலையில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். அவ ஏறாத அன்னைக்கு வண்டி ஏறுது. அவ ஏறுன அன்னைக்கு ஏற மாட்டேங்குது. ராசின்னு ஒன்னு இருக்கா இல்லியா?"

அம்மா "அக்கா" என்று ஏதோ சொல்ல வந்தாள். பெரியப்பா இடுப்பைத் தட்டிச் சாவி பார்த்தார். சித்தப்பாவோ, அண்ணன்கள் முன்னால் பேசிப் பழக்கமில்லாத மனிதர். அன்று முழுவதும் பட்டறையில் ஒரே சாவியை அராவிக்கொண்டிருந்தார் என்றும், அது கடைசியில் ஊசியாகிவிட்டதென்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

அப்பாவுக்கு ராசியில் நம்பிக்கை இல்லை. பட்டாளத்தில் ராசி பார்த்தால் லாரி ஓட்ட முடியுமா? பேகம்பூரிலிருந்து மெக்கானிக் பாயை வரவழைத்தார். பாய் சாக்குப்பையில் ஸ்பேனர்களை மட்டும் கொண்டுவர மாட்டார். கூடவே தற்பெருமையும் ஒரு மூட்டை வரும். "நான் கை வச்சா, இந்த வண்டியைச் செஞ்சவனுக்கு அங்க விக்கல் எடுக்கும்" என்று சொல்லிக்கொண்டேதான் பானட்டைத் திறந்தார்.

முதலில் ஹாண்ட் பிரேக்கை இறுக்கி இழுக்கச் சொன்னார். டாப் கியரில் போட்டு, எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றி, கிளச்சை விடச் சொன்னார். அப்பா விட்டார். கார் முழுவதும் ஒரு தும்மல் தும்மி எஞ்சின் நின்றுவிட்டது. "பாத்தீகளா! கிளச்சு வழுக்குனா எஞ்சின் இப்படிச் சாகாது, அது பாட்டுக்கு ஓடும். செத்துருச்சு. அப்ப பிடி நல்லா இருக்கு." அடுத்து ஒரு விரலால் மிதியை அமுக்கிப் பார்த்தார். முதலில் கொஞ்சம் தொளதொளவென்று அசைய வேண்டுமாம், பிறகுதான் இறுக வேண்டுமாம். அப்படியே அசைந்தது, அப்படியே இறுகியது. பிறகு தரையில் படுத்து அடியில் மூக்கை வைத்து, சமையல் பார்க்கிறவர் மாதிரி மோந்தார். எழுந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்:

"வழுக்கியிருக்கு. கருகுன வாடை நிக்குது. சாமான்ல குத்தமில்ல. ஓட்டுறப்ப யாரோ கிளச்சு மேல காலை வச்சு மிதிச்சுக்கிட்டே வாராக."

ஓட்டுவது ஒரே ஒருவர்தான். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "யோவ், பர்மா ரோட்டுல ஓட்டுனவன்யா நான்!"

"பர்மாவுல எப்படியோ, அகரத்துல வச்சிருக்கீக."

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. பேசாமலே இரண்டு நாள் சேர்ந்து வேலை பார்த்தார்கள். கியர் பெட்டியை இறக்கி, கிளச்சுத் தட்டை வெளியே எடுத்து, வெயிலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, தேய்மானம் இல்லை, ஓரம் மட்டும் லேசாகக் கறுத்திருந்தது. "தட்டு நல்லாருக்குன்னு அவருகிட்டச் சொல்லுடா" என்று பாய் என்னிடம் சொல்வார். அப்பா பக்கத்திலேயே நிற்பார். நான் சொல்வேன், பாயின் குரலிலேயே. அதற்கும் ஒரு குட்டு.

மறுபடி எல்லாம் மாட்டி முடிந்ததும், பாரத்தைச் சோதிக்க வேண்டும் என்றார் பெரியப்பா. பின் சீட்டில் எத்தனை பேர் உட்கார்வார்களோ அத்தனைக்கும் ஈடாக மண்டியிலிருந்து சின்ன வெங்காய மூட்டைகளைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். சித்தியையே ஏற்றிப் பார்த்துவிடலாம் என்று பாய் சொன்னார். பெரியப்பா ஒரே பார்வையில் அவர் வாயை அடைத்துவிட்டார். வீட்டுக்கு வந்த மருமகளை மூட்டைக்குச் சரியாக ரோட்டில் வைத்து எடை பார்ப்பதா? அது மரியாதை. அந்த மரியாதையால் உண்மை இன்னும் சில நாள் பின்வாங்கியது.

வெங்காயத்தோடு கார் ஆற்றங்கரைக்குப் போனது. சும்மா ஏறியது. திரும்பி இறங்கி மறுபடி ஏறியது. பாய் இன்னும் ஒரு மூட்டை போடச் சொன்னார். அதற்கும் ஏறியது. நல்ல செய்தி கொண்டுவருகிற நினைப்பில் நான்தான் முதலில் வீட்டுக்குள் ஓடிச் சொன்னேன். பெரியம்மா முழுவதும் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"வெங்காய மூட்டைக்கு ஏறுன வண்டி. இதுக்கு மேல என்ன இருக்கு?"

சித்தி அடுப்படியில் இருந்தாள். கேட்டிருக்க வேண்டும். செத்த நேரம் அம்மியில் தேங்காய் அரைபடும் சத்தம் இல்லை. பிறகு மறுபடி ஆரம்பித்தது.

அன்று சாயங்காலமே சேவுகம்பட்டிப் பக்கம் பஸ்ஸில் போகிற ஒருவரிடம் சொல்லிவிட்டார்கள்: வெள்ளிக்கிழமை சித்தியின் அப்பா வர வேண்டும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் கொஞ்ச நாள் வைத்திருக்க வேண்டும். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, லீவுக்குப் போகிறாள் என்று நினைத்தேன். அதற்கு ஏன் அம்மா மூக்கை உறிஞ்ச வேண்டும், சித்தப்பா ஏன் சோற்றைப் பிசைந்து பிசைந்து பிறகு கையைக் கழுவ வேண்டும் என்பதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. மறுநாள் மத்தியானம் சித்தி என்னோடு தாயம் ஆடினாள். கள்ளாட்டமே ஆடவில்லை. நான் ஜெயித்தேன். வாழ்க்கையிலேயே முதல் தடவை. வீடு முழுக்கக் குதித்தேன். அவள் புளியங்கொட்டை எல்லாவற்றையும் என் டிரவுசர் பையில் போட்டுவிட்டு, "வச்சுக்க அப்பு, வந்து வாங்கிக்கிறேன்" என்றாள்.

வியாழக்கிழமை காலையில் பாய் கூப்பிடாமலே வந்து நின்றார். பேகம்பூர் முழுக்க, பாய் கைவைத்தும் சரியாகாத வண்டி என்று பேச்சாம். தூக்கம் போய்விட்டதாம். "ராசியைக் கழட்டுறதுக்கு என்கிட்ட ஸ்பேனர் இல்ல முதலாளி. ஆனா கிளச்சு கருகியிருக்கு. கருகணும்னா யாராவது மிதிச்சிருக்கணும். இன்னைக்கு அவுக காலையே பாத்துக்கிட்டு வாரேன்." அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சாவியை எடுத்தார். முன்னால் அப்பாவும் பாயும். பின்னால் இடப்பக்கம் பெரியப்பா. பள்ளிக்கூடம் லீவு, நான் அழுது அடம்பிடித்து, அப்பாவுக்குப் பின்னால், வழக்கமாகச் சித்தி உட்காருகிற இடத்தில் ஏறிக்கொண்டேன்.

மேட்டுக்கு வந்தோம். பாய் தலையைக் கீழே தொங்கவிட்டு அப்பாவின் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கிளச்சை விட்டதும் காலைத் தூக்கி, கல்யாணத்தில் நலங்குக்கு நீட்டுகிற மாதிரி தள்ளி வைத்துக்கொண்டார். வண்டி ஏறிவிட்டது. திரும்பினோம், இறங்கினோம். காருக்குள் பேச்சு மூச்சில்லை. மூன்று பெரியவர்கள், மூன்று உர்ரென்ற முகங்கள். எனக்கு இந்த மாதிரி நேரம் தாங்காது. யாராவது சிரித்தாக வேண்டும். பெரியப்பாவை வைத்துக்கொண்டே பெரியப்பாவைப் போல நடிக்க முடியாது. அப்பா, பாய் இருவரையும் நடித்தால் சண்டை மூளும். கையிருப்பில் மிச்சமிருந்தது சித்தி ஒருத்திதான்.

தோளில் கிடந்த துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டேன். அதுவரை மெத்தை மேல் சம்மணம் போட்டிருந்த காலை இறக்கினேன். சித்தி அப்படித்தான் உட்காருவாள். எங்கள் வீட்டில் மற்ற எல்லாரும் காரில் ஏறினால் கோரைப்பாயில் உட்கார்ந்த மாதிரி சம்மணம் போட்டுவிடுவோம். பெரியம்மா, பெரியப்பா, அம்மா எல்லாருமே அப்படித்தான். சித்தி மட்டும் சீட்டின் நுனியில், காலைத் தொங்கவிட்டு, முன் சீட்டுக்கு அடியில் பாதத்தை ஒடுக்கிக்கொண்டு இருப்பாள். மேடு வந்தால் கண்ணை இறுக மூடி, உதட்டுக்குள் முருகனைக் கூப்பிட்டு, காலை அழுத்தி ஊன்றிக்கொள்வாள். என் கால் எட்டவில்லை. நடிப்பென்று வந்துவிட்டால் நான் குறைவைக்க மாட்டேன். முதுகில் சறுக்கிக் கீழே இறங்கினேன். பாதத்துக்கு ஏதோ கம்பி மாதிரி தட்டுப்பட்டது. மேடு வந்தது. கண்ணை மூடினேன். "முருகா முருகா" என்று இழுத்துக்கொண்டே இரண்டு காலாலும் ஒரே மிதி.

எஞ்சின் ஓவென்று கத்தியது. கார் நின்றது. பிறகு மெல்லப் பின்பக்கமாக ஆற்றைப் பார்த்து உருள ஆரம்பித்தது.

அப்பா பிரேக்கைப் பிடித்தார். "நான் தொடலைய்யா! பாரு, கால் எங்க இருக்கு பாரு!" என்று பாயிடம் கத்தினார். பாய் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதனால்தான் அவருக்குப் பேச்சு வரவில்லை. பெரியப்பா திரும்பினார். முக்காட்டோடு, கண்ணை மூடி, பயத்தில் இன்னும் பலமாக மிதித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். அவர் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது:

"ஏலே, உனக்கும் ராசி இல்லியா?"

நான் அழத் தயாரானேன். அப்போது பாய் முன்னாலிருந்து தணிந்த குரலில் சொன்னார்: "அப்படியே இரு அப்பு. அசையாத." பிறகு பெரியப்பாவிடம்: "முதலாளி, செத்த எட்டிப் பாருங்க. கிளச்சு மிதி கீழ போயிருக்கு. அது மேல யார் காலும் இல்ல."

மிதியின் கழுத்திலிருந்து அவர் விரல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தது. முன்பலகை வளையம், தரை, சீட்டுக்கு அடி, இரும்புச் சட்டம். தோளைக் குறுக்கிக் கையை உள்ளே விட்டுத் துழாவினார். அது வந்து என் கட்டைவிரலைப் பிடித்தது. நான் வீல் என்று கத்தினேன்.

"பிடிச்சாச்சு!" என்றார் பாய். "உங்க பூட்டு திருடனைப் பிடிச்சுக் குடுத்துருச்சு முதலாளி. நான் அன்னைக்கே சொன்னேன்ல, யாரோ மிதிக்கிறாகன்னு."

"என் காலுன்னுல்ல சொன்னே!" என்றார் அப்பா.

"காலுன்னேன். முன்காலா பின்காலான்னு சொன்னேனா?"

இருவரும் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார்கள். சங்கிலி தரையில் கிடந்திருந்தால் மிதித்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. சட்டத்துக்கும் வளையத்துக்கும் நடுவே அந்தரத்தில் தொங்கியதால், மேலே காலை ஊன்றினால் முன்னால் மிதி இழுபட்டது. நுனி பூட்டாமல் கிடந்திருந்தாலும் சங்கிலி சும்மா நழுவி வந்திருக்கும். பூட்டியிருந்தது. திறந்த பூட்டு தொங்கக் கூடாதல்லவா?

பெரியப்பா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். ஒரு சாவியைத் தேடி மூன்று சாவியைத் தப்பாகப் போட்டார். அவர் அப்படித் தடுமாறி நான் பார்த்ததில்லை. பூட்டைத் திறந்து சங்கிலியை உருவி ஆற்று மணலில் எறிந்தார். பூட்டை எறியவில்லை, என்ன இருந்தாலும் நம் பட்டறைப் பூட்டு. அதை மடியில் வைத்துக்கொண்டு வீடுவரை வந்தார். வாயைப் பிளந்தபடியே வைத்திருந்தார். பூட்டத் தோன்றவில்லை.

வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாய் கதையைச் சொன்னார், என் நடிப்பு உட்பட. சித்தி நிலைப்படியை ஒட்டி நின்றாள். பெரியம்மா கேட்டாள்: "ஏம்மா, அந்தச் சங்கிலி மேல எதுக்குக் காலை வச்ச?"

"கால் வைக்கத்தான் கம்பி போட்டிருக்குன்னு நெனச்சேன்க்கா."

"எங்கள மாதிரி மேல தூக்கி வச்சு உக்காந்தா என்ன?"

சித்தி தலையைக் குனிந்தாள். "பெரியவுக இருக்கையில காலை மடக்கிச் சமமா உக்காரக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிவிட்டாக."

 பிறகு எங்கிருந்தோ ஒரு பெரிய சிரிப்பு வந்தது. பார்த்தால் சித்தப்பா! அண்ணன்கள் இருவரும் எதிரே நிற்க, தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அதோடு அப்பா, பாய், அம்மா எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். இத்தனை நாள் வீட்டுக்குள் யாரோ மூச்சைப் பிடித்து வைத்திருந்து இப்போதுதான் விட்ட மாதிரி இருந்தது. நான் சித்தியைப் பார்த்தேன். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறாள் என்று குனிந்து முகத்தைப் பார்த்தேன். இந்தத் தடவை கண்ணிலிருந்து தண்ணீர். வெங்காயம் உரித்திருப்பாள் என்று நினைத்தேன். கையில் இருந்தது கத்தரிக்காய்.

எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறீர்களா? பெரியவர்களைக் கேலி செய்ததற்காக அம்மாவிடம் ஒரு குட்டு. கிளச்சின் கோளாறைக் கண்டுபிடித்தது தான்தான் என்று பாய் பேகம்பூரிலும், தான்தான் என்று அப்பா எங்கள் தெருவிலும் சொல்லிக்கொண்டார்கள். என்னை யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சொன்னபடி சித்தியின் அப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் காலிப்பை, முகத்தில் கலவரம். அவரிடம் பெரியப்பா, "ஒன்னுமில்ல சம்பந்தி, சும்மா பாக்கணும்போல இருந்துச்சு, அதான் வரச்சொன்னோம்" என்று இலை போட்டு உட்காரவைத்தார். வடை பாயசத்தோடு சாப்பாடு. அந்த மனிதர் ஒவ்வொரு வாய்க்கும் நிமிர்ந்து, இனிமேல்தான் விஷயம் வரும் என்று எல்லார் முகத்தையும் பார்த்தார். மோர் வரை விஷயம் வரவில்லை. கை கழுவும்போது அவர் விட்ட பெருமூச்சில் கிணற்றடித் தும்பைச் செடி ஆடியது.

சாயங்காலம் அகரத்துக்கு, விளக்குப் பிடிக்கத் தவறிய வீட்டுக்கு, புதுப்பெண்ணைப் பார்க்கக் கிளம்பினோம். பெரியம்மா அந்தச் சேலையை மடிப்புக் கலையாமல் உடுத்தியிருந்தாள். சித்தியின் அப்பா முன்னால், அப்பாவுக்குப் பக்கத்தில். பின்னால் பெரியப்பா, பெரியம்மா, சித்தி. அம்மா ஓர் ஓரம், அவள் மடியில் நான். சித்தி பழையபடி நுனியில் உட்கார்ந்து காலை ஒடுக்கிக்கொண்டாள்.

"மேல தூக்கி வச்சுச் சம்மணம் போடு தாயி" என்றாள் பெரியம்மா.

சித்தி அசையவில்லை. பெரியப்பா இருக்கிறார், பெற்ற தகப்பன் இருக்கிறார், எப்படிப் போடுவாள்? பெரியம்மா செத்த நேரம் பார்த்தாள். பிறகு குனிந்தாள். தன் இரண்டு கையாலும் சித்தியின் பாதம் இரண்டையும் எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக மெத்தை மேல் வைத்து, சேலையை இழுத்து மூடிவிட்டாள். "அக்கா, வேணாம்க்கா" என்று சித்தி பதறினாள். பெரியப்பா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா காரை எடுக்காமல் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தாங்கவில்லை. "சங்கிலியத்தான் கழட்டியாச்சே பெரியம்மா! இனிமே காலு எங்க இருந்தா என்ன?"

அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு, கன்றிப்போய்ப் பல நாள் இருந்தது.

கார் ஆற்றங்கரை மேட்டில் ஒரு முக்கல் முனகல் இல்லாமல் ஏறியது. சித்தி சம்மணம் கலையாமல், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லாரும் சேர்ந்து மூச்சு விட்டோம். நான் மட்டும் தொடையைத் தடவிக்கொண்டே யோசித்தேன்: பாய் அத்தனை விளக்கமாகச் சொல்லியும், பெரியம்மாவுக்கு அந்தக் கிளச்சின் மேல் இன்னும் சந்தேகம் தீரவில்லை போலிருக்கிறதே என்று.